மூன்று முறை திறந்த கியர் பெட்டி

மூன்றாவது முறையாகக் கியர் பெட்டியைப் பூட்டிவிட்டு, வண்டிக்கு அடியிலிருந்து முதுகைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தேன். முழங்கை வரைக்கும் கறுப்பு எண்ணெய். கண்ணிமையில்கூட ஒரு சொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

தல்லாகுளத்தில் எங்கள் பட்டறை. முதலாளி மடக்கு நாற்காலியைப் போட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பட்டறை ஆட்கள் ஆறு பேரும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். வண்டியை ஓட்டுகிற சோலை அவர்களோடு சேராமல் வண்டியோரமாக நின்று, தோள் துண்டால் ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். பந்தயத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

முதலாளி ஆச்சா என்று கேட்டார். நான் அவசரப்படவில்லை. கழிவுப் பஞ்சை எடுத்து விரல் விரலாகத் துடைத்தேன். ஆறு பேர் நம் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது சும்மா பதில் சொல்ல மனம் வருமா? எனக்கு அந்த நேரம் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

"பெட்டியில ஒரு குறையும் இல்ல முதலாளி. குறை கையில" என்றேன்.

யாரும் சோலையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததே பார்த்த மாதிரிதான். அவன் துடைப்பதை நிறுத்தினான். துண்டை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான். கேட்டைத் தாண்டிப் போய்விட்டான்.

வாசகர் கேட்ட கேள்வி

இந்தத் தொடரில் என் காதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பீற்றிக்கொண்டுவிட்டேன் போலிருக்கிறது. என்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவேன் என்று எழுதப் போக, திருமங்கலத்திலிருந்து ஒருவர் கார்டு போட்டிருக்கிறார். "ஐயா, உங்கள் காது ஒருதடவைகூட ஏமாந்ததில்லையா?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். அதற்காகத்தான் இந்த வாரம் சோலை கதை.

காது பெருமை எனக்குப் பிறந்த வீட்டிலேயே வந்தது. நாங்கள் சௌராஷ்டிரர். வீட்டுக்குள் தறி நான்கு ஓடும். பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது தெருமுனையிலேயே, மூன்றாவது தறியில் கயிறு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அப்பா போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். பிறகு தறியை விட்டு மோட்டாருக்கு வந்தபோதும் அந்தக் காதை நம்பித்தான் வந்தேன். ஒரு மூங்கில் குச்சியின் ஒரு முனையை என்ஜின்மேலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்பேன். மதுரையில் நாலைந்து பட்டறைக்காரர்கள் என்னிடம் ஆள் அனுப்பி அபிப்பிராயம் கேட்கிற அளவுக்குப் பெயர் வந்துவிட்டது.

பெயர் வந்துவிட்டால் ஒரு வசதி. நாம் சொல்வதை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். அதுவே பெரிய கெடுதலும்.

மலையிலிருந்து இறங்கிய வண்டி

இரண்டாம் உலக யுத்தத்துக்கு இரண்டு மூன்று வருஷம் முந்தைய சமாசாரம். எங்கள் முதலாளிக்குப் பஞ்சு அரவை ஆலை இருந்தது, லாரிகள் இருந்தன. திடீரென்று ரேஸ் ஆசையும் வந்தது. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தன்னுடைய பழைய ரேஸ் வண்டியை விற்றார். இரண்டே பேர் உட்காரலாம். கதவு கிடையாது. வண்டியின் அடிவயிற்றுப் பக்கமாக ஒரு தடித்த புகைக்குழாய் ஓடும். கியர் போடுகிற கோல் வெளிப்பக்கம், வலது கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கும்.

இப்போது கார் ஓட்டுகிற பிள்ளைகளுக்கு அந்தக் காலத்துக் கியர் எப்படிப்பட்டது என்று தெரியாது. இன்றைக்குக் கோலைத் தள்ளினால் விழுந்துவிடுகிறது. அன்றைக்கு அப்படி இல்லை. கிளட்சை மிதித்துக் கோலை நடுவில் கொண்டுவர வேண்டும். காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்து, பல்சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்துக்கு வருகிற அந்த நொடியில் அடுத்த கியரில் போட வேண்டும். இரண்டு மிதியும் முழு மிதியாக இருக்க வேண்டும். அரை அங்குலம் குறைந்தாலும் பல்லும் பல்லும் உரசி, கேட்கிறவன் பல் கூசும்.

சோலை வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். எங்கள் ஆலை லாரியை நாலு வருஷம் ஓட்டினான். பஞ்சுப் பொதி ஏற்றிய லாரியில் அவன் கியர் மாற்றினால் பக்கத்தில் தூங்குகிறவன் விழிக்க மாட்டான். அதைப் பார்த்துத்தான் முதலாளி அவனை ரேஸ் வண்டிக்கு எடுத்தார். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாடிப்பட்டியிலிருந்து அவன் சொந்தக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து ரேஸ் காரைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வண்டி வந்த ஏழெட்டு நாளில் ஆயுத பூஜை. பூஜை போட்டது நான்தான். பானட்டுக்குச் சந்தனம், குங்குமம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், முன்னால் பூசணிக்காய் என்று ஒன்றும் குறை வைக்கவில்லை. சோலை ஏறி உட்காரப் போனபோது செருப்போடு காலைத் தூக்கினான். நான் அதட்டினேன். பூஜை போட்ட வண்டி, செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏறு என்றேன். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு இறங்கினான். செருப்பை வேப்ப மரத்தடியில் விட்டுவிட்டு, படியைத் தொட்டுக் கும்பிட்டு ஏறினான்.

லாரிக்கும்தான் பூஜை போட்டோம். அங்கே யாரும் செருப்பைக் கழற்றவில்லை. ரேஸ் வண்டி என்றதும் எனக்குப் பக்தி கொஞ்சம் கூடிவிட்டது.

ஒத்தக்கடை தாண்டினால் சத்தம்

வாரத்துக்கு இரண்டு நாள் விடிந்ததும் மேலூர் ரோட்டில் ஓட்டிப் பார்ப்போம். சோலை ஓட்டுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். மாட்டுத்தாவணியில் அப்போது மாடுதான் விற்றார்கள். சந்தை நாளாக இருந்தால் கொம்புகளுக்கு நடுவே ஊர்ந்து போக வேண்டும். அதைத் தாண்டினால் ரோடு வெறிச்சென்று கிடக்கும். இடது பக்கம் யானைமலை, வலது பக்கம் வயல். காற்று முகத்தில் அறையும்.

ஒத்தக்கடை வரைக்கும் வண்டி சொன்னபடி கேட்கும். அதற்கு அப்புறம் ஒவ்வொரு கியருக்கும் கர்ர்ரென்று ஒரு சத்தம். மேலூர் போய்த் திரும்புவதற்குள் எனக்கே தாடை வலிக்கும்.

சூடானால்தான் தொந்தரவு என்பது தெரிந்துவிட்டது. சூட்டில் எண்ணெய் இளகுகிறது என்று நினைத்தேன். முதல் தடவை பெட்டியைத் திறந்து, எண்ணெயை வடித்துவிட்டுக் கெட்டியான எண்ணெய் ஊற்றினேன். சத்தம் நிற்கவில்லை. இரண்டாம் தடவை திறந்து, பல்சக்கரத்தைத் தள்ளுகிற கவைக்குப் புது புஷ், அதாவது உள்வளையம், போட்டேன். லேத்துக்காரர் ராவுத்தர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கடைந்து கொடுத்தார். அதற்கும் நிற்கவில்லை. மூன்றாம் தடவை ஒவ்வொரு பல்லாக அரம் போட்டு ஓரம் தேய்த்தேன். கிளட்சையும் பார்த்தேன். மிதியைக் கையால் அழுத்தினால் முழுவதும் இறங்கியது, கிளட்ச் பிடியைச் சுத்தமாக விட்டது.

வண்டியை விற்ற வெள்ளைக்காரருக்கு முதலாளி கடிதம் எழுதியிருந்தார். ஆறு வருஷமாகக் கியர் பெட்டி தனக்கு ஒரு நாளும் தொந்தரவு கொடுத்ததில்லை என்று பதில் வந்தது. வித்துக் காசாக்கினவன் வேறெப்படிச் சொல்வான் என்று நான் சிரித்தேன். அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையை எழுதியே பிரயோசனமில்லை. இரண்டாம் தடவை பெட்டியைப் பூட்டி ஓட்டிப் பார்த்த அன்று, யானைமலைக்கு நேராகப் போகும்போது சோலை என் பக்கம் சாய்ந்து, அடிப்பக்கம் ரொம்பச் சுடுவதாகச் சொன்னான். நான் குச்சியைக் காதிலிருந்து எடுக்காமலே, ரேஸ் வண்டி சுடாமல் பின்னே குளிரவா செய்யும் என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டுச் சாலையைப் பார்த்தான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஒவ்வொரு முறையும் பட்டறைக்குத் திரும்பியதும் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து வெகுநேரம் காலை நனைத்துக்கொண்டிருப்பான். வயலில் வளர்ந்தவன், கால் கழுவுகிற பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பூட்ஸ் போட்டவர்

நான் கை என்று சொன்ன மறுநாளே முதலாளி பெங்களூருக்குத் தந்தி கொடுத்தார். நாலாம் நாள் பீட்டர் என்று ஒருவர் வந்து இறங்கினார். நல்ல ஓட்டக்காரர், நல்ல மனிதரும்கூட. கணுக்கால் வரைக்கும் ஏறிய கனத்த பூட்ஸ். அடியில் ஆணி அடித்திருந்தது.

அவர் பூட்ஸோடு வண்டியில் ஏறினார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. பெங்களூர்க்காரர், இங்கிலீஷ் பேசுகிறவர், முதலாளியோடு சரிக்குச் சரி உட்கார்ந்து காபி குடிக்கிறவர். சோலையிடம் வந்த அதட்டல் இவரிடம் வரவில்லை. பூஜை போட்டு நாலு மாசம் ஆகிவிட்டதே, இனி என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மேலூர் வரை போய் வந்தோம். ஒரு சத்தம் இல்லை. கியர் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விழுந்தது. பட்டறைக்கு வந்ததும் முதலாளி என் தோளில் தட்டி, சரியாகச் சொன்னாய் என்றார். ஆட்களெல்லாம் தலையாட்டினார்கள். அன்று வீட்டுக்குப் போய், என் மனைவியிடம் இரண்டு தடவை சொன்னேன்.

பந்தயம் என்றால் இப்போது நடக்கிற மாதிரி எல்லா வண்டியும் சேர்ந்து ஓடுவதில்லை. ஒத்தக்கடைக்கு அப்பால் ஒரு மைல்கல்லிலிருந்து மேலூருக்கு முன்னால் ஒரு மைல்கல் வரை, ஒவ்வொரு வண்டியாக விட்டுக் கடிகாரத்தில் பார்ப்பார்கள். தோட்டத்துரைகளும் இரண்டு ஜமீன் வீட்டாரும் வண்டி கொண்டுவந்திருந்தார்கள். பீட்டர் எல்லாரையும் விடக் குறைந்த நேரத்தில் வந்துவிட்டார். முதலாளி தன் கழுத்து மாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார்.

கூட்டத்தில் வண்டி மாட்டிக்கொண்டு நின்றது. அதை ஓரத்துப் புளியமரத்து நிழலுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். நான் செருப்பை விட்டுவிட்டு, படியைத் தொட்டுக் கும்பிட்டு ஏறினேன். கிளட்சை மிதித்தேன்.

கால் தானாகப் பின்னால் வந்துவிட்டது. நான் எடுக்கவில்லை, அதுவே வந்துவிட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லில் உள்ளங்காலை வைத்த மாதிரி இருந்தது. கோலைத் தள்ளிய என் கை மட்டும் நிற்காமல் போயிருந்தது. கர்ர்ர் என்று ஒரு சத்தம்.

சோலையின் சத்தம். ஒரு இழைகூட வித்தியாசமில்லை.

குனிந்து பார்த்தேன். மிதியின் இரும்பு, புகைக்குழாய்க்கு நாலு விரல் தள்ளி இருந்தது. நடுவில் ஒரு தகடுகூட இல்லை. மலைக் குளிரில் பூட்ஸ் போட்டு ஓட்டியவருக்கு அது கணப்பு. மேலூர் ரோட்டில் வெறுங்காலோடு ஓட்டியவனுக்கு ஒத்தக்கடை தாண்டினால் நெருப்பு. முதல் மிதியைப் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்திருப்பான். இரண்டாவது மிதியில் உடம்பு கேட்டிருக்காது. பெட்டியை மூன்று தடவை திறந்தேன், கையால் மிதியை அழுத்தியும் பார்த்தேன். எல்லாம் வண்டி ஆறிக் குளிர்ந்து பட்டறையில் நின்றபோது பார்த்தது. அவன் பாதத்தை ஒரு தடவை பார்க்கவில்லை.

செருப்பைக் கழற்றச் சொன்னவன் நான். சுடுகிறது என்று அவன் சொன்னபோது நக்கலடித்தவனும் நான்தான். கடைசியில் தீர்ப்புச் சொன்னதும் நானே. புளியமரத்தடியில் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே எனக்கு அழுகை வந்தது. தூரத்தில் எங்கள் ஆட்கள் பீட்டரைத் தோளில் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

இருபது நாள்

குறையைத் தீர்க்க அரை மணி நேரம் ஆயிற்று. குழாய்க்கும் மிதிக்கும் நடுவில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் தகடு, மிதிமேல் தோல் சுற்றிய ஒரு மரக்கட்டை. நானே வெறுங்காலோடு மேலூர் போய் வந்தேன். கட்டை வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். ஒரு சத்தம் வரவில்லை.

சோலையைப் போய்ப் பார்க்க இருபது நாள் ஆயிற்று. அதற்கு ஒரு சாக்கும் சொல்லப் போவதில்லை. பந்தயத்துக்குப் பிறகு முதலாளி பட்டறைப் பொறுப்பு முழுவதையும் என்னிடம் கொடுத்திருந்தார். சரியாகச் சொன்னவன் என்பதற்காகக் கொடுத்த பொறுப்பு. தப்பாகச் சொன்னேன் என்று போய் நின்றால் என்ன ஆகும் என்ற பயம்தான்.

இருபத்தோராம் நாள் வாடிப்பட்டி போனேன். அங்கே மதுரைக்கு ஓடுகிற ஒரு பஸ்ஸை அவன் ஓட்டிக்கொண்டிருந்தான். காபிக் கடை வாசலில் நின்று டம்ளரை ஆற்றிக்கொண்டிருந்தவன், என்னைப் பார்த்ததும் பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்துகொண்டான். நடந்ததையெல்லாம் சொன்னேன். காலைக் காட்டு என்றேன். காட்டினான். இடது உள்ளங்காலின் முன்மேடு முழுக்கத் தோல் உரிந்து புதுத் தோல் ரோஸ் நிறத்தில் மூடியிருந்தது.

ஏன் அன்றைக்கே காலைக் காட்டவில்லை என்று கேட்டேன்.

"எப்பண்ணே காட்டுறது? கை கோளாறுன்னு நீங்க சொன்ன பொறகு காலைக் காட்டுனா, சாக்குச் சொல்றான்னு தான சொல்வாக."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவன் கையை உருவிக்கொள்ளவில்லை. கோபமாகவும் பேசவில்லை. மதுரையில் மூன்று பட்டறையில் வேலை கேட்டுப் போனானாம். மூன்று இடத்திலும், சுப்புராமனே கை சரியில்லை என்று சொல்லிவிட்டாராமே என்று திருப்பி அனுப்பினார்களாம். பஸ் முதலாளிக்கு மட்டும் என் பெயர் தெரியாது. அதனால் வேலை கிடைத்தது.

"இங்க வந்து சொல்லி என்னண்ணே ஆகப்போகுது? இந்த ஊருல என் கையை யாரும் கொறை சொல்லலயே. எங்க சொன்னீகளோ அங்க சொல்லுங்க. அம்புட்டுத்தேன்."

ஆறு பேர் முன்னால்

முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஜெயித்த வண்டிக்கு எதற்குப் பழைய பேச்சு என்றார். நான் விடவில்லை. அவர் எரிச்சலோடுதான் சரி என்றார். சோலைக்கு ஆள் சொல்லி அனுப்பினேன்.

பங்குனி மாதம், காலை பத்து மணி இருக்கும். கேட்டுக்கு வெளியே ஒரு காலி பஸ் வந்து நின்றது. சோலை இறங்கி உள்ளே வந்தான். அதே மடக்கு நாற்காலியில் முதலாளி. அதே ஆறு பேர். ரேஸ் வண்டி பக்கத்தில் நின்றது. சோலை அதைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்ன எனக்கு, இன்றைக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றச் சொன்னது, சூடு என்றபோது அவன் வாயை அடைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "சோலை கையில ஒரு குறையும் இல்ல. குறை எங்கிட்ட" என்றேன்.

முடிந்தது என்று நான் நினைத்தேன். சோலைக்கு முடியவில்லை. அவன் லேத்துப் பக்கம் திரும்பினான்.

"ராவுத்தரண்ணே, கேட்டீகளா?"

ராவுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். "கேட்டேன்பா" என்றார்.

அடுத்து வெல்டிங் பார்க்கிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டான். அவரும் கேட்டேன் என்றார். இப்படி ஒவ்வொருவராக ஆறு பேரையும் கேட்டான். குரல் உயரவில்லை. ஒவ்வொருவரும் பதில் சொல்கிற வரைக்கும் காத்திருந்தான். ஆறு பேர் முடிந்ததும் நாற்காலிப் பக்கம் திரும்பினான்.

"முதலாளி?"

அவரிடம் அப்படி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"கேட்டேன் சோலை" என்றார். நாளையிலிருந்து வந்துவிடு, வண்டி உன்னுடையதுதான் என்றும் சொன்னார்.

"வண்டி ஓட்ட வரல முதலாளி. இதக் கேக்கத்தேன் வந்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்."

எனக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான். நாங்கள் கேட் வரைக்கும் வந்து நின்றோம், முதலாளியும்தான். அவன் ஏறி உட்கார்ந்தான். அதுவும் பழைய பெட்டிதான், இரண்டு மிதி கேட்கிற பெட்டி. பஸ் நகர்ந்தது. எட்டு பேரும் கியர் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். மோட்டார் வேலை தெரிந்தவர்கள் ஏழு பேர், அதில் மதுரையே பேசுகிற காது ஒன்று.

இரண்டாவது கியர் எங்கே விழுந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.